மன்ற முறையில் தெரியாது

வளரிளம் பருவத்தினர் உறவுச் சூழல் பன்னாட்டு ஒப்பாய்வு மன்றம் கரையான்சாவடிக்கு வந்தபோது ஊரில் யாருக்கும் அதன்மேல் மனக்குறை இல்லை. மன்றத்தின் பெயர்ப்பலகை மிக நீளமாக இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதன் நிழலில் ஒதுங்கி நின்றார்கள். மன்றம் ஊருக்குச் செய்த முதல் நன்மை அது. இரண்டாவது நன்மையை ஊர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் மாடியில் மன்றம் குடியேறியது. அதன் இயக்குநர் டாக்டர் உத்தமன் பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்து பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்தவர். தொடக்க விழாவில் அவர் பேசியது பெற்றோர்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

"பதின்மூன்று வயதுப் பெண் தானாக எதையும் செய்வதில்லை. ஒரு பக்கம் குடும்பம் இழுக்கிறது. மறுபக்கம் தோழமை இழுக்கிறது. ஆகவே அவள் கெட்டது செய்தால் மட்டுமல்ல, நல்லது செய்தாலும் பின்னால் இருப்பது யார் என்று பார்க்க வேண்டும். அன்பு என்று நீங்கள் சொல்வது, இன்னும் கண்டுபிடிக்கப்படாத தூண்டுதல்."

எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு பக்கத்தில் இருந்தவர் ஏன் கைதட்டினார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்றம் அன்றே வேலையைத் தொடங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

மாடிச் சுவரில் பெரிய அட்டவணை ஒன்று தொங்கியது. ஸ்வீடன், ஜப்பான், பெரு, கென்யா, கரையான்சாவடி என்று வரிசையாக எழுதி, எதிரே இரண்டு பத்திகள்: குடும்பத்தால் கெடுகிறவர்கள், தோழமையால் கெடுகிறவர்கள். மூன்றாவது பத்தி கிடையாது. மற்ற நாடுகளுக்கெல்லாம் எண்கள் வந்துவிட்டன. கரையான்சாவடிக் கட்டங்கள் மட்டும் காலி. "உலகம் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது" என்று டாக்டர் உத்தமன் அடிக்கடி சொல்வார்.

உலகத்தைக் காக்க வைக்கக்கூடாது என்பதற்காக, எட்டாம் வகுப்பு சாமுண்டீஸ்வரியின் தாய் அங்கம்மாவை ஒரு நாள் மாடிக்கு அழைத்தார்கள். அங்கம்மாவின் அப்பா காலம்வரை வயல்வேலை. அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் திருகாணி பொட்டலம் கட்டும் வேலை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு, எண்ணெய்க் கறையைத் தேய்த்துக் கழுவிய கைகளோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்கள் மகள் கோபம் வந்தால் தன் படுக்கையறைக் கதவை ஓங்கிச் சாத்துகிறாளா?"

"எங்க ஊட்ல ஒரே கதவுதான் சார். அத்த ஓங்கி சாத்துனா நெலையோட கையில வந்துடும்."

'சாத்துவதில்லை. காரணம்: அச்சம்' என்று டாக்டர் உத்தமன் எழுதிக்கொண்டார்.

"இரவு உணவை யாருடன் உண்கிறாள்?"

"யாரு மொதல்ல வந்து குந்துறாங்களோ அவங்களோட."

"தன் இரகசியங்களை உங்களிடம் சொல்கிறாளா?"

"சொல்லிட்டா அது இன்னா சார் ரகசியம்?"

பேனா நின்றது. "ஸ்வீடனில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் சொல்கிறார்கள்" என்றார் அவர் வருத்தத்துடன்.

அங்கம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெற்ற மகள் விஷயத்தில் முன்பின் தெரியாத ஊர் தன்னை முந்திக்கொண்டதே என்று தலையைக் குனிந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அந்த ஊர்ல ஊட்டுக்கு எத்தினி கதவு சார்?"

அதற்கு விடை அட்டவணையில் இல்லை.

அடுத்து மன்றம் தோழமை அட்டைகளை வழங்கியது. ஒவ்வொரு மாணவியும் தன் தோழியின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் சண்டை போட்டுக் காய் விட்டால் மறுநாளே மாடியில் தெரிவிக்க வேண்டும். பழம் விட்டால், பழம் விடுவதற்கு என்ன காரணம் என்பதையும் சேர்த்துத் தெரிவிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண்கள் காலையில் காய், மத்தியானம் பழம், மணியடிக்கும்போது மறுபடி காய் என்று இருந்ததால் மாடிப்படி தேய்ந்தது.

சாமுண்டீஸ்வரி மட்டும் ஒரே பெயரை எழுதிவிட்டு, பிறகு மாடிப் பக்கமே போகவில்லை. அவள் எழுதியது நஜ்மாவின் பெயரை. நஜ்மா எழுதியது சாமுண்டியின் பெயரை. பூந்தமல்லி சாலையில் பாய்க்கடை வைத்திருந்த கலீல் ரகுமானின் மகள் நஜ்மா. அவள் அம்மா ஷம்ஷாத். இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த தெரு. இரண்டு பெண்களும் ஒருவர் பெயரை ஒருவர் எழுதியதும், ஒரு தடவைகூடக் காய் விடாததும் மன்றத்துக்குப் பிடிக்கவில்லை. பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று தெளிவாயிற்று.

அவர்களைக் கண்காணிக்கப் பால்ராஜ் என்பவரை நியமித்தார்கள். பட்டாபிராமிலிருந்து வரும் இளைஞர். பி.ஏ. முடித்து வெகுகாலம் வேலைக்கு அலைந்தவர். கிடைத்த வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தார். மன்றத்தின் விதிப்படி கண்காணிப்பவர் மறைந்து நிற்க வேண்டும். மாணவிகள் கண்ணெதிரே எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் அது அவர்கள் நடத்தையைப் பாதிக்குமாம். ஆகவே பால்ராஜ் காலையிலிருந்து மாலைவரை பள்ளிக் கம்பிவேலிக்கு வெளியே ஒரு மின்கம்பத்தின் பின்னால் பட்டினியாக மறைந்து நின்றார். மின்கம்பம் அவரைவிட மெலிந்தது என்பதால் ஊரே அவரைப் பார்த்தது. மன்ற விதிப்படி அவர் மறைந்திருந்தார்.

அவர் முதல் வாரம் எழுதிய அறிக்கையில் இப்படி இருந்தது: 'மாணவி சாமுண்டீஸ்வரி மதிய உணவு உண்பதில்லை. இன்று புளிச்சோறு. வேர்க்கடலை சேர்ந்தது. உப்பு அளவாக இருந்தது.' கண்காணிப்பவரின் நுட்பத்தைப் பாராட்டி டாக்டர் உத்தமன் ஓரத்தில் ஒரு கோடு போட்டார்.

அறிக்கையின் அடுத்த பகுதிதான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. 'மாலையில் பாங்கு ஒலிக்கும் நேரத்தில் தெருமுனைத் தண்ணீர்க் குழாய் அருகே மூடிய தூக்குகள் கை மாறுகின்றன. ஒன்றில் புளித்த வாடை.'

அந்த ஆண்டு, 1979இல், ஆடி மாதமும் ரமலானும் சேர்ந்து வந்தன. அங்கம்மாவின் தெருவில் பொன்னியம்மனுக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சிப் புளிக்க வைத்து ஊற்றினார்கள். நஜ்மாவுக்குக் கூழ் என்றால் உயிர். ஆனால் அவள் நோன்பு. பகலில் குடிக்க முடியாது. ஆகவே சாமுண்டி அவள் பங்கை எடுத்து வைத்து, பொழுது சாய்ந்ததும் தூக்கில் கொண்டுபோனாள். நஜ்மா வெறுங்கையோடு வருவாளா? அவள் தூக்கில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி இருந்தது. குழாயடியில் தூக்குகளை மாற்றிக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்கு ஓடுவார்கள். இரண்டு தெய்வங்களும் பார்த்துக்கொண்டிருந்த காரியம் இது.

ஆனால் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். பொழுது சாயும் நேரம், மூடிய பாத்திரம், புளித்த வாடை என்றால் மன்றம் வேறென்ன நினைக்கும்? டாக்டர் உத்தமன் சான்றுப்பொருள் கேட்டார். பால்ராஜ் கண்ணாடிக் குடுவையோடு குழாயடிக்குப் போனபோது சாமுண்டி, "இன்னா சார், இம்மாம் சின்னதா எட்தாந்துகீற?" என்று கேட்டுக்கொண்டே விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தாள்.

"ஐயா, இது கூழ்" என்றார் பால்ராஜ்.

"அது உங்கள் கருத்து. கருத்து சான்றாகாது" என்று இயக்குநர் குடுவைக்குச் சீட்டு ஒட்டினார்: 'ஐயத்துக்குரிய ஊறல்.'

அங்கம்மாவுக்கு இரண்டாம் முறை அரை நாள் கூலி போயிற்று.

"இது கூழு சார். அம்மனுக்கு ஊத்துனது" என்றாள் அவள், குடுவையைப் பார்த்ததும்.

"எல்லா நாட்டுத் தாய்மாரும் இப்படித்தான் மறுக்கிறார்கள்."

"நான் எங்க சார் மறுத்தேன்? கூழுன்னுதான சொல்றேன்?"

"மறுப்பின் முதல் வடிவம் அதுதான்" என்ற டாக்டர் உத்தமன், குரலைத் தாழ்த்தினார். "இருக்கட்டும். உங்கள் மகள் பகலில் சாப்பிடுவதில்லை. அது தெரியுமா?"

அங்கம்மாவுக்குச் சோற்று டப்பா நினைவுக்கு வந்தது. விடிவதற்குமுன் எழுந்து சமைத்து அடைத்துக் கொடுக்கும் டப்பா தினமும் வழித்துத் துடைத்ததுபோலத் திரும்பி வருகிறதே!

"தோழமையின் வேலை" என்றார் அவர். "இருவரில் ஒருத்தி மற்றவளைக் கெடுத்திருக்கிறாள். யார் யாரை என்பது தெரிந்தால் அவளை மட்டும் அனுப்பிவிடலாம். தெரியாவிட்டால் வெள்ளிக்கிழமை விசாரணையில் இருவருக்கும் டி.சி.தான். அதில் 'தீய சேர்க்கை' என்று எழுதுவோம். பிறகு எந்தப் பள்ளியும் சேர்க்காது. 'என் மகளை நஜ்மாதான் கெடுத்தாள்' என்று நீங்கள் இங்கே ஒரு கையெழுத்துப் போட்டால் உங்கள் பெண் படிப்பாள்."

அங்கம்மா தயங்கினாள்.

"அந்தப் பெண்ணின் தாய் கையெழுத்திட்டுவிட்டதாக மன்றம் கருதுகிறது" என்று மிகவும் இரக்கத்துடன் சொன்னார் டாக்டர் உத்தமன்.

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அங்கம்மாவின் காதில் அந்தக் கடைசி வாக்கியம்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் மகளை இழுத்து வாயை முகர்ந்தாள். பையைக் கவிழ்த்தாள்.

"டீ, சோறு குடுத்தனுப்புறனே, அத்த இன்னா பண்ற?"

"துன்னுட்றேம்மா."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்மா" என்றது பெண், தரையைப் பார்த்துக்கொண்டு.

மகள் பொய் சொல்கிறாள் என்று தாய்க்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் எதையும் நம்பத் தோன்றவில்லை. நஜ்மாவோடு பேசக்கூடாது என்றாள். ஆறு வருஷமாகக் கஞ்சி கொடுத்தனுப்பிய ஷம்ஷாத் எதற்காகக் கொடுத்தாள் என்று யோசித்தாள். சந்தேகம் அவள் வீட்டோடு நிற்கவில்லை. தெருவில் எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளின் வாயை முகர்ந்தார்கள். பெப்பர்மிண்ட் வாங்கிய பிள்ளைகள், வாடையை மறைக்க வாங்கியதாக அடி வாங்கின. வாங்காத பிள்ளைகள், முன்யோசனைக்காரர்கள் என்று அடி வாங்கின.

வியாழக்கிழமை மாலை பாங்கு ஒலித்துச் சற்று நேரத்தில் வாசலில் ஷம்ஷாத் நின்றாள். கையில் தூக்கு.

"இன்னா, வேவு பாக்க வந்தியா?" என்றாள் அங்கம்மா.

"கஞ்சி குடுக்க வந்தேன்க்கா. ரெண்டு நாளா உம்மவ வர்ல."

"கையெழுத்து போட்ட கையால கஞ்சி வேற குடுப்பியா?"

"எந்தக் கையெழுத்து? நீதான போட்டியாம், எம்மவ உம்மவள கெட்த்துட்டான்னு."

"யாரு சொன்னது?"

"மாடியில. நீ போட்டதா கருதுறாங்களாம்."

"உன்னையும் அப்டித்தான் கருதுனாங்க."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் கருதிக்கொண்டு நின்றார்கள்.

"நான் போட்டேன்னு நம்பிகினா எங்க ஊட்டுக்கு வந்த?"

"ஆமா."

"அப்பால எதுக்குடி கஞ்சி?"

"நீ போட்டா அது உனக்கும் ஆண்டவனுக்கும் உள்ளது. புள்ள பகல் பூரா பட்டினி கெடக்குது. அதுக்கும் இதுக்கும் இன்னாக்கா கீது?" ஷம்ஷாத் தூக்கை வாசற்படியில் வைத்தாள். "உனுக்குத் தெரியாதா? நஜ்மா நோம்பு இருக்குறா இல்ல? அவ மட்டும் தனியா பசியோட குந்திகினு இருக்கக்கூடாதுன்னு உம்மவளும் பள்ளிக்கூடத்துல துன்றதில்லியாம். நேத்துதான் நஜ்மா அழுதுகினே சொல்லிச்சு."

அங்கம்மா உள்ளே மகளைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப டப்பா காலியா வருதே?"

"அத்த கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது."

உள்ளே சாமுண்டியும் வாயைத் திறக்கவில்லை. அடித்தும் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று.

"நீ எதுனா குட்ச்சியா?" என்று அங்கம்மா ஷம்ஷாத்தைக் கேட்டாள்.

"தண்ணிதான். கஞ்சி ஆறிப்பூடும்னு அப்டியே வந்துட்டேன்."

அங்கம்மா சொம்பு நிறையக் கூழைக் கரைத்து, வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். ஷம்ஷாத் குடித்தாள். இதனால் இரண்டு பேருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மன்றம் விதைத்தது ஒரு சொம்புக் கூழில் கரைந்துவிடுமா? தூக்கைக் கழுவிக் கொடுக்கும்போது அங்கம்மா நினைத்துக்கொண்டாள்: நாளைக்கு மாடியில் இவள் என்ன சொல்வாளோ! ஷம்ஷாத்தும் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை கூடியது. அட்டவணைக்குக் கீழே டாக்டர் உத்தமன். மேசைமேல் குடுவை. நாள்பட்டதால் கூழ் நுரைத்து மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சாமுண்டி, மறுபக்கம் நஜ்மா. எதிரே இரண்டு தாய்மார். சுவரோரம் பால்ராஜ்.

"இந்த வாசனையைப் பாருங்கள்" என்று இயக்குநர் மூடியைத் திறந்தார். "என் சிறுவயதில், கோவில்பதாகை கிராமத்தில், ஆடி மாதம் வந்தால் இதே வாசனை. இதே போன்ற நண்பர்கள். குழாயடியில் சொம்போடு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தை விட்டு விலகியதால்தான் நான் இந்த நிலைக்கு உயர்ந்தேன்."

"அப்ப இது கூழுன்னு உனுக்குத் தெரியுமா சார்?" என்றாள் அங்கம்மா.

இயக்குநர் பொங்கி வழிந்த நுரையைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"தனிப்பட்ட முறையில் தெரியும்" என்றார் டாக்டர் உத்தமன். "மன்ற முறையில் தெரியாது." மூடியை அழுத்தி மூடினார். "விஷயத்துக்கு வருவோம். யார் யாரைக் கெடுத்தது? நஜ்மாவின் தாய் முதலில் சொல்லட்டும்."

அங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பொன்னியம்மா, காப்பாத்து.

"எம்மவளாலதான் சார் அந்தப் புள்ள பட்டினி கெடக்குது" என்றாள் ஷம்ஷாத். "எம்மவ பேர எழுதிக்கோ."

அங்கம்மா கண்ணைத் திறந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "அதெல்லாம் இல்ல சார்! தெனம் கூழு தூக்கிகினு போறது எம்மவதான். அவதான் கெட்த்தா. எம்மவ பேர எழுதிக்கோ."

"நீ சும்மா இருக்கா."

"நீ சும்மா இருடி, பெரிய இவ."

டாக்டர் உத்தமன் அட்டவணையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் இப்படி ஒன்று நேர்ந்ததில்லை. "கெடுத்தவர்கள் இருவர், கெட்டவர் ஒருவருமில்லை என்றால் நான் இதை எந்தக் கட்டத்தில் போடுவேன்? ஸ்வீடன் என்ன நினைக்கும்? தாய்மார்கள் கூட்டுச் சேர்ந்து ஆய்வைக் குலைக்கிறீர்கள். இருவருக்கும் டி.சி.!"

அவர் பேனாவைத் திறந்தார். நஜ்மா தன் அம்மாவைப் பார்த்தாள். சாமுண்டி மட்டும் சுவரோரம் ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அங்கம்மா அந்தப் பார்வையைப் பிடித்துவிட்டாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்றேன். எம்மவ சோறு துன்றதில்லன்னு எழுதி வச்சிகீறீங்களே, டப்பா காலியா வருதே. அப்ப துன்னது யாரு?"

"அந்தக் கேள்வி மன்றத்தின் கேள்விகளில் இல்லை."

"நான்தான் ஐயா" என்றார் பால்ராஜ்.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் முன்னால் வந்து நின்றார்.

"முதல் நாள் அந்தப் பிள்ளை கம்பி வழியாக டப்பாவை நீட்டியது. 'இன்னா சார், காத்தாலேர்ந்து ஒண்ணியும் துன்னாம நிக்கிற? நான் இன்னிக்கு துன்ன மாட்டேன், நீ துன்னு' என்றது. விதிப்படி மறுத்தேன். இரண்டாம் நாளும் மறுத்தேன்; அந்த இரண்டு நாள் சோறும் காக்கைக்குப் போயிற்று. மூன்றாம் நாள் வெயில் அதிகம் ஐயா. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்றேன். அதனால்தான் பெற்ற தாயிடம்கூட அது வாய் திறக்கவில்லை. படிப்பே போகிற நிலையிலும் திறக்கவில்லை. அவள் உண்பதில்லை என்று நான் எழுதியது பொய்யில்லை. யார் உண்டார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை."

"எட்டி நின்று பார்க்கவேண்டிய நீங்கள், ஆய்வுப்பொருளின் கையால் உண்டிருக்கிறீர்கள்!" என்று அலறினார் டாக்டர் உத்தமன்.

"ஆமாம் ஐயா. கத்தரிக்காய் போட்ட அன்று இரண்டாம் தடவையும் வழித்தேன்."

அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மன்றத்தால் கண்டறிய முடியவில்லை.

அன்று மாலையே தீர்ப்பு வந்தது. கண்காணித்தவர் தம் நடத்தையில் பாதிக்கப்பட்டிருப்பதால் அவர் எழுதிய அறிக்கைகள் செல்லாது. அறிக்கைகள் செல்லாததால் இரண்டு மாணவிகள்மேலும் தற்சமயம் குற்றம் இல்லை; சந்தேகம் மட்டும் தொடரும். பால்ராஜை நீக்கவில்லை. சிறுமிகளின் தோழமையால் பெரியவர் ஒருவரின் நடத்தை மாறியது எந்த நாட்டிலும் பதிவாகவில்லை என்பதால், அவரையே ஆய்வுப்பொருளாக வைத்துக்கொண்டார்கள். அவர் வழக்கம்போல் மின்கம்பத்தின் பின்னால் நின்று மாணவிகளைக் கவனிப்பார். அவரைக் கவனிக்க லட்சுமணன் என்பவர் அடுத்த மின்கம்பத்தின் பின்னால் நிற்பார். விதிகளில் மாற்றம் இல்லை. கரையான்சாவடிக்குரிய கட்டங்கள் இன்னும் காலியாகவே இருக்கின்றன.

திங்கட்கிழமை விடியலில் அங்கம்மா பெரிய டப்பாவை எடுத்தாள்.

"நோம்பு முடியிற வரிக்கும் துன்ன மாட்டியா?" என்று மகளைக் கேட்டாள்.

"ம்ஹூம்."

"சரி. பொழுது சாஞ்சதும் ரெண்டு பேரும் இங்கியே வந்து குடிங்க. குழாயடில நிக்காதீங்க." சோற்றை அழுத்தி அடைத்தாள். மேலே இன்னொரு கரண்டி வைத்தாள்.

"எதுக்கும்மா இம்மாம்?"

"புச்சா ஒரு ஆளு வந்துகீறாராமே?"

"அவரு வாங்க மாட்டாரும்மா. ரொம்ப ராங்கு."

"நீ நீட்டு. வாங்குறதும் வாங்காததும் அவுரு இஷ்டம்."

லட்சுமணன் முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்றாம் நாள் வெயில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.